அணிதிரள்வோம் என்று எழுதியவள்

‘அணிதிரள்’ என்ற சொல்லை முப்பது வருடம் வகுப்பில் படிப்பித்தேன். ஒரு காரியத்துக்காக எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து புறப்படுவது என்று கரும்பலகையில் பொருள் எழுதுவேன். பிள்ளைகள் வாக்கியம் அமைப்பார்கள், நான் சரி போடுவேன். ஒருநாளாவது யாரையாவது திரட்டியிருக்கிறேனா என்றால், இல்லை.

என் தம்பி வாவியில் மீன் பிடிப்பவன். அவனும் இன்னும் நாலு பேரும் தோணிகளைக் கட்டிவைக்கிற துறையை, ஹோட்டல் கட்டவென்று வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிய காணியோடு சேர்த்து அவருடைய ஆட்கள் அளந்துவிட்டார்கள். சனிக்கிழமை வேலி போட வருகிறார்களாம். ஊர்ச்சனம் வந்து நின்றால் திரும்பிப் போய்விடுவார்கள் என்று தம்பி நம்பினான்.

“ஊடு ஊடாப் போய்ச் சொல்லுவமா அக்கா?” என்று கேட்டான்.

“இதென்ன கலியாணமாடா, வெத்திலை வச்சுச் சொல்ல? நோட்டீஸ் ஒட்டினா எல்லாரும் வருவாங்க” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. ‘எங்கள் துறையைக் காக்க அணிதிரள்வோம்’ என்று நானே எழுதி அச்சடித்து, சந்தியிலும் கோயில் மதிலிலும் ஒட்டுவித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

சனிக்கிழமை துறையில் தோணிக்காரர் ஐந்து பேரும் நானும்தான். பத்து மணிக்குள் கம்பிவேலி எழும்பிவிட்டது.

வந்த கோபத்தில் நேரே பக்கத்து வீட்டுக்காரியிடம் போனேன். “ஏன்கா வரல்ல? நோட்டீஸப் பார்க்கல்லயா?”

“பார்த்தம் டீச்சர். நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா ஊட்ட வந்து ஒரு சொல்லுச் சொல்லல்லயே. சொல்லாத இடத்துக்கு எப்பிடிப் போற?”

அவள் முகத்தில் மெய்யாகவே மனத்தாங்கல். கலியாணமோ சாவோ கோயில் வேலையோ, எங்கள் ஊரில் வீட்டு வாசல் படலையடியில் நின்று வாயால் சொல்ல வேண்டும். மதிலில் ஒட்டினால் சொன்னதாகாது. எனக்குத் தெரியாததா? இங்கேயே பிறந்து வளர்ந்த மடைச்சி நான்.

தம்பி இப்போது அடுத்த ஊர்த் துறைக்கு நடந்து போகிறான். அந்த ஊர்த் தோணிகளெல்லாம் கட்டிய பிறகு மிஞ்சுகிற சேற்றில்தான் இவனுக்கு இடம். ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். போன கிழமை மீன் கொண்டுவந்து தந்தபோது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். “என்னை ஏசுடா” என்றேன்.

“உங்கள என்னத்துக்கக்கா ஏசுற? நானெண்டாலும் போய்ச் சொல்லியிருக்கலாம். நீங்க படிச்சவங்க எண்டு பேசாம இருந்திட்டன்.”