கடைமடையிலிருந்து ஒரு படம்

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம், முடிந்ததும் எலுமிச்சை சாதம் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் தஞ்சாவூர் பாசன அலுவலகத்துக்குப் போனேன். பொட்டலத்தைப் பிரிக்குமுன் அதிகாரியம்மா மைக்கைப் பிடித்துவிட்டார். "எந்த ஆத்துல எவ்வளவு தண்ணி விடுறோம்னு தினமும் வெப்சைட்ல போடுறோம். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. தம்பிகளா, அத வெச்சு ஜனங்களுக்கு ஆகுற மாதிரி ஒரு ஆப் செய்ங்க." பசி என்னவெல்லாம் செய்ய வைக்கும்! கையைத் தூக்கிவிட்டேன்.

தண்ணீர் குறைவான காலத்தில் இங்கே முறை வைத்து விடுவார்கள். சில நாள் இந்த ஆற்றுக்கு, சில நாள் அடுத்ததற்கு. ஆற்றின் தலைப்பில் மதகு திறந்ததும் என் ஆப்பில் வாய்க்கால் முழுக்க நீலமாகிவிடும். அந்த அழகில் நானே சொக்கிப்போவேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் குத்தகைக்கு நடும் பெரியப்பாவின் செல்லில்தான் முதலில் ஏற்றிக் கொடுத்தேன். கதிர் வெளிவரும் நேரத்தில் அவர் கூப்பிட்டார். "டேய், உன் போன்ல ஆறு ஓடுது. என் வாய்க்கால்ல ஓணான் ஓடுது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அதிகாரியம்மா ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே வயலுக்கு வந்தார். வெடித்த மண்ணில் செருப்பு சிக்கியது. "ரெண்டு நாள் தாங்கும்மா. அப்புறம் மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்" என்றார் பெரியப்பா.

அதிகாரியம்மா குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "விட்ட தண்ணிக்குக் கணக்கு வெச்சிருக்கோம். வந்து சேர்ந்ததுக்கு எங்ககிட்டயே கணக்கு இல்ல. வாய்க்கால் காஞ்சிருந்தா நீங்களே படம் எடுத்துப் போடுங்க. அதையும் எங்க வெப்சைட்ல ஏத்திடுறேன்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதா மேடம்?"

"ஆகும். நீ ஆப்பை மாத்து."

வரப்பில் உட்கார்ந்தே மாற்றினேன். காய்ந்த வாய்க்கால் படம் வர வர ஊர் ஊராகச் சிவப்புப் புள்ளி விழுந்தது. என் அழகான நீலத்துக்கு அம்மை போட்டது போல. எங்கள் ஆற்றுக்கு முறையை இன்னும் சில நாள் நீட்டித்தார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் பெரியப்பாவுக்குப் பிந்தி வந்தது. அறுத்ததில் பாதி அரிசி பிடிக்காத கருக்காய். அடுத்த சாகுபடிக்குள் அதிகாரியம்மாவைத் தூர மாவட்டத்துக்கு மாற்றினார்கள். படம் ஏற்றும் பக்கம் பராமரிப்புக்காக மூடப்பட்டது. பராமரிப்பு இன்னும் நடக்கிறது.

இப்போது கூட்டங்களில் மைக்கைப் பிடிப்பவன் நான். ஆப் செய்யுங்கள் என்று பிள்ளைகளைக் கெஞ்சுகிறேன். சாதம் நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஆண்டும் கதிர் வரும் நேரம். இன்று காலையும் பெரியப்பா காய்ந்த வாய்க்காலைப் படமெடுத்து அனுப்பினார். "அந்தம்மா பாத்தாங்களாடா?" என்றார். ஏற்ற இடமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தை அதிகாரியம்மாவின் சொந்த எண்ணுக்கு அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது: "தண்ணி வந்ததும் அதையும் எடுத்து அனுப்பச் சொல்லுப்பா."

பெரியப்பாவிடம் சொன்னேன். அப்போதிலிருந்து செல்லை வாய்க்காலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். சாப்பிடக்கூட வரவில்லை என்று பெரியம்மா போன் செய்தாள்.