படையலுக்கு ஒரு தம்ளர் இஞ்சித்தண்ணி

என் கணவருடைய கருமாதியன்று காலையில் நான் ஒரு பழைய பிரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அதன் கதவில் இருந்த குழாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டினால் சரியாகிற குழாய் இல்லை அது. ஆனால் வேறு யாரைத் திட்டுவது? இத்தனை வருஷம் என்னிடம் திட்டு வாங்கிய மனிதர் மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் இருந்தார்.

அவர் சிங்கப்பூரில் ஒரு ஓட்டலில் பல வருஷம் வேலை பார்த்தவர். பீர் பேரல்களை மாற்றுவது, டியூப்களைக் கழுவுவது, ஊற்றும்போது நுரை பொங்கினால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது, இதுதான் வேலை. நாள் முழுக்க பீரில் கை நனைத்தவர் ஒரு வாய் குடித்ததில்லை. அவருடைய அப்பா குடித்தே அழிந்தவர். அதைப் பார்த்து வளர்ந்த வைராக்கியம். வேலையை விட்டுவிட்டு பேராவூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, பெட்டியில் என்னென்ன வரும் என்று ஊரே பார்த்தது. வந்தது ஒரு ஸ்டீல் பேரல், ஒரு ரெகுலேட்டர், சுருட்டிக் கட்டிய டியூப். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதில் அவர் செய்தது இஞ்சித்தண்ணி. இஞ்சியை நசுக்கி, வெல்லமும் எலுமிச்சையும் சேர்த்து, லேசாகப் பொங்கி வரும் அளவுக்கு மட்டும் புளிக்கவிட்டு, பேரலில் ஊற்றி பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். குளிர் பட்டால் புளிப்பு அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் நிற்கும் சிலிண்டரிலிருந்து சோடாவுக்கு ஏற்றுகிற கேஸைக் கொடுத்து, கதவில் துளைபோட்டு வைத்த குழாய் வழியாகப் பிடிப்பார். மாவுச் சட்டி வைக்கிற பிரிட்ஜைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று நான் சொல்லிவிட்டதால், எங்கிருந்தோ பழைய பிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்து மூலையில் நிறுத்தினார். வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தம்ளர் நீட்டுவார். வாங்கியவர்கள் சிலர், முறைத்துவிட்டுப் போனவர்கள் பலர். ஊருக்கு அது பீர்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சித்திரை மாதம், தோப்பில் தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. அதற்கு முதல் நாள்தான் பேரலை நிரப்பி வைத்திருந்தார். தஞ்சாவூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள், அவளுக்காக. அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வந்தாள். வந்த காரணம் வேறு.

எங்கள் பக்கத்தில் கருமாதிப் படையலில் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம். மீன் குழம்பு பிடித்தவருக்கு மீன் குழம்பு, பீடி பிடித்தவருக்கு பீடி. குடித்தவர் என்றால் ஒரு பாட்டிலும் இலையோரம் நிற்கும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அன்று காலையில் கொழுந்தனார் முறையுள்ள பங்காளி ஒருவர் வேட்டி மடிப்புக்குள்ளிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"என்ன தம்பி இது?"

"அண்ணனுக்குப் பிடிச்சதாச்சே அண்ணி. கூச்சப்படாதீங்க, எல்லாம் நம்ம சனந்தானே."

"அவருக்கு பீர் பிடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"வீட்லயே பேரல் வச்சிருந்தாரே!"

"அதுல ஒரு வாய் வாங்கிக் குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"நமக்கு பீரெல்லாம் ஏறாது அண்ணி. பிராந்திதான்."

அவர் பிரியமாகத்தான் கொண்டுவந்தார். அதனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம். வைராக்கியமாக வாழ்ந்த மனிதரைக் கடைசியில் குடிகாரர் கணக்கில் சேர்த்து அனுப்பப் பார்க்கிறார்களே! பாட்டிலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். குளத்தங்கரையில் காரியம் செய்யப் போன ஆண்கள் திரும்புவதற்குள் அந்தக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து இலையில் வைக்க வேண்டும், இதுதான் அவர் செய்தது, குடித்துப் பாருங்கள் என்று எல்லார் வாயிலும் ஒரு மடக்கு ஊற்ற வேண்டும். அதற்குத்தான் தரையில் உட்கார்ந்தேன். வந்தது நுரை. தம்ளர் முழுக்க நுரை.

"மொதத் தம்ளர் அப்படித்தாம்மா வரும்," என்றாள் மகள். "குழாய் வெக்கையா இருக்கும்ல."

இரண்டாவதும் அப்படியே. நான் பயந்து பயந்து பாதி திறக்கிறேன், அதனால்தான் நுரைக்கிறது என்று என்னை நகரச் சொல்லிவிட்டு அவள் சட்டென்று முழுசாகத் திறந்தாள். தம்ளரைத் தாண்டி அவள் சேலையெல்லாம் நுரை. கேஸ் அதிகமாக இருக்கும் என்று ரெகுலேட்டரைத் திருகிக் குறைத்தாள். குழாய் இருமுகிற மாதிரி துப்பித் துப்பி முன்னைவிட மோசமாக வந்தது. "ரொம்பக் கொறைச்சா டியூபுக்குள்ளயே கேஸ் பிரிஞ்சிடும்னு அப்பா சொல்வாரு, மறந்துட்டேன்," என்று மறுபடி கூட்டினாள். குழாயைக் கழற்றிப் பார்த்தால் வாயில் எறும்பு. வெந்நீரில் கழுவி, வாஷரை மாற்றி மாட்டினோம். நுரைதான்.

கருமாதியன்று புருஷனைப் பறிகொடுத்தவள் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வந்தவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். எனக்கு அதுவா பெரிது? ஒவ்வொரு தம்ளராக வாளிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேரலில் இருப்பதுதான் கடைசி. இனி அதை நிரப்ப ஆள் இல்லை.

இவ்வளவு செய்தும் பிரிட்ஜ் கதவை நாங்கள் திறக்கவே இல்லை. திறந்தால் குளிர் போய்விடும் என்று அவர் கத்துவார். செத்தவருடைய கத்தலுக்குப் பயந்து இரண்டு பேரும் வெளியிலேயே நோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் உள்ளே டியூப் எங்காவது மடங்கியிருக்குமோ என்று மகள்தான் திறந்தாள். புழுக்கமாக, புளிச்ச வாடையோடு காற்று முகத்தில் அடித்தது. அவள் பேரலில் கையை வைத்தாள். துளிக் குளிர் இல்லை. பிறகு குனிந்து பிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒயர் தரையில் கிடந்தது.

"நான்தாம்மா கழட்டினேன்," என்றாள்.

அவர் போன அன்று ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த ஆள் பவர் பிளக் எங்கே என்று கேட்டிருக்கிறார். கூடத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். அப்பாவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எல்லாரும் மூச்சடக்கி நிற்க, இவள் ஓடிப்போய் பிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டு பெட்டியின் ஒயரை மாட்டியிருக்கிறாள். மறுநாள் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள், பெட்டியும் போனது. வீட்டைக் கழுவி விட்டோம். பிரிட்ஜை யாரும் நினைக்கவில்லை. சித்திரை வெயிலில் பேரலுக்குள் இஞ்சித்தண்ணி தன்பாட்டுக்குப் புளித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நுரை அடங்கிய தம்ளரின் அடியில் கொஞ்சம் தேங்கியிருந்தது. பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வந்து நின்ற பங்காளி அதை எடுத்து வாயில் ஊற்றினார். கண்ணை அகல விரித்தார்.

"அண்ணி, இது ஏறும் போல இருக்கே!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பீர் இல்லை, பீர் இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதருடைய பேரலில் அன்றைக்கு இருந்தது ஏறக்குறைய பீர்தான். அதை எப்படி அவர் இலையில் வைப்பேன்? குளத்தங்கரைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய், எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். தம்ளர் வைக்கவில்லை. ஊர் சொன்னதை மறுக்க எனக்கு இருந்த ஒரே சாட்சி கெட்டுப்போய்விட்டது என்று பந்தி முடியும்வரை அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. கருமாதியில் அழுகிறவளை யாரும் காரணம் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். மகள் பிரிட்ஜுக்கு முன்னால் வாளியோடு நின்றாள். முந்தின நாளே ஒயரை மறுபடி மாட்டிவிட்டிருக்கிறாள்.

"கொட்டிடவாம்மா?" என்றாள். உடனே, "எனக்குன்னு போட்டு வச்சாரும்மா. கெடுத்துட்டேன்," என்றாள்.

"அந்த வெயில்ல உங்கப்பாவ முகம் மாறாம அனுப்பி வச்சது நீதாண்டி," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒயரை இவள் ஆயுசு முழுக்கச் சுமக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் போனதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு தம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தேன். ராத்திரியெல்லாம் குளிர்ந்திருந்தது. தேன் நிறத்தில், சத்தமில்லாமல், மேலே ஒரு விரல் அளவு மட்டும் நுரையோடு நிறைந்தது. அவர் பிடித்துத் தந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வாயில் வைத்தேன். நாக்கு சுருண்டது. தொண்டை எரிந்தது. இந்த வயது வரைக்கும் நான் தொடாத வஸ்து. மூச்சு விடாமல் முழுத் தம்ளரையும் குடித்தேன்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிம்மா இருக்கு?"

"இஞ்சியத் தூக்கலாப் போட்டுட்டாரு உங்கப்பா," என்றேன். "மனுசனுக்குக் கையில அளவே கிடையாது."

அவள் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கொஞ்சம் பிடித்து ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"ஆமாம்மா," என்றாள், "தூக்கல்தான்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.