கோடு கறுத்தால் போதும்

"எஃபெக்டிவ்" என்கிற சொல்லை நான் முதலில் கேட்டது இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில். எண்பதுகளின் கடைசி. துணிப் பொட்டலங்களை ஆவியில் வைத்துக் கிருமி போக்கும் மெஷினுக்கு நான் பொறுப்பு. மெஷினில் ஒரு தடவை ஏற்றும் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு காகிதப் பட்டை வைப்போம். ஆவி சரியாக ஏறினால் அதிலுள்ள கோடு கறுக்கும். கறுத்ததும் நோட்டில் "எஃபெக்டிவ்" என்று எழுதி, பொட்டலங்களில் என் ஊதா முத்திரையைக் குத்த வேண்டும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"மருந்து கேக்குதுன்னு சொல்லுவோம்ல, அதாம்மா. எழுதிட்டுப் போ" என்றார்.

பட்டையை நடுப் பொட்டலத்துக்குள் வைக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் மெஷின் கதவோரம் வைத்தோம். இரண்டு ஈடாகப் போட வேண்டியதை ஒரே ஈடாகத் திணித்தோம். நடுவில் வைத்து, அதுவரை ஆவி ஏறாமல் கோடு வெளுத்தே இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். ஆறு மணி டவுன் பஸ் போய்விடும். கதவோரம் வைத்த பட்டை ஒரு நாளும் கறுக்காமல் இருந்ததில்லை. வீட்டில் நடுக்குழி இட்லியைக் குத்திப் பார்க்காமல் இறக்காதவள் நான். அந்தப் புத்தி கம்பெனி வாசலோடு நின்றுபோனது. இதை எழுதும்போதுகூட என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்காவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள். நாலாம் நாள் பார்க்கப் போனேன். பிள்ளை நன்றாக இருந்தது. அக்காவைத் தொட்டால் கொதித்தது. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருந்தது.

"ரெண்டு நாளா ஊசி போடுதாவ. கேக்கல" என்றார் அத்தான்.

கட்டு மாற்ற நர்ஸ் வந்தார். தட்டில் இருந்த பொட்டலத்தின் மூலையில் என் ஊதா முத்திரை. அத்தானும் அதைப் பார்த்துவிட்டார்.

"நம்ம கொழுந்தியா கையால வந்த துணி சிஸ்டர். பயமில்லாம வைங்க" என்றார் பெருமையாக.

நர்ஸ் ஓரத்தைக் கிழிக்கப் போனார். சொன்னால் வேலை போகும், இனி அத்தான் முகத்தில் முழிக்க முடியாது. ஆனாலும் எட்டி நர்ஸின் கையைப் பிடித்தேன்.

"அத வைக்காதிய" என்றேன்.

"ஏட்டி, ஏன்?" என்றாள் அக்கா.

பட்டையை எங்கே வைக்கிறோம் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நர்ஸ் பொட்டலத்தைத் தட்டில் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். அத்தான் என்னை ஏறிட்டும் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவள் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இப்படி எம்புட்டு நாளா முத்திர குத்துத?"

"ரெண்டு வருசமாக்கா."

"அதெல்லாம் இப்போ யாரு யாரு வயித்து மேல இருக்குட்டி?"