சம்பந்தியம்மா விரித்த பத்திரிகைத் தாள்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, தகப்பனில்லாத என் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து, ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவதால் இந்த நாலு பக்கத்துக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. போகட்டும், எனக்கென்ன அவசரம். எழுத உட்கார்ந்தது என் பிள்ளைகளைப் பற்றி இல்லை. என் கடைசி மகளின் மாமியாரைப் பற்றி. அவர் ஜெர்மன்காரி. எனக்குச் சம்பந்தியம்மா. இந்த உறவுக்கு அவர்களுடைய மொழியில் ஒரு சொல்லே இல்லையாம். சொல்லே இல்லாத உறவை எப்படிக் கொண்டாடுவது என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் கலியாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும், அதுதான் கிறிஸ்மஸுக்கும், பலகாரப் பெட்டியோடு போனேன். அவரும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும், என்ன நாள் என்று தெரியாமலே, ஒரு அப்பிள் கேக்கோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெடிய பெண். எதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் நம்புவார். முதல்முதல் என் வீட்டுக்கு வந்தபோது, நான் கழுவி வைத்த கோப்பைகளை யாரும் கேட்காமலே எடுத்துத் துடைத்தார். ஒன்றிலாவது கறை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். இருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு மரியாதை. மகள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை 'அம்மா' என்றே கூப்பிட்டார், என்னிலும் மூன்று வயது மூத்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஐம்பது ஜெர்மன் சொற்கள் இருந்திருக்கும். அதற்குள் எல்லாம் பேசினோம்.

ஜெர்மனிக்கு ஐரோ என்கிற யூரோக் காசு வந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். ரயில்வேயில் வேலை செய்த சம்பந்தி, அவருடைய கணவர், ஓய்வு பெற்று, நெஞ்சில் ஒரு சத்திரசிகிச்சையும் முடிந்து, வீட்டில் சன்னலோரமே இருந்தார். சாப்பாடும் குறைந்தது, கதையும் குறைந்தது. அப்படி இருந்த மனுசன் ஒருநாள் போய் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கிக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் பழசு. இரண்டு பேர் படுக்கக்கூடிய சின்ன அறை, ஒரு அடுப்பு, ஒரு பாய்மரம், அவ்வளவுதான். இளவயதில் கற்ற பாயோட்டத்தை அவர் மறக்கவில்லை. மாரிக் குளிர்காலம் முழுக்க அதைச் சுரண்டிப் பூசினார். முகத்தில் இரத்தம் ஏறியது. சம்பந்தியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பழசு என்றால் ஓட்டை, ஓட்டை என்றால் நடுக்கடல், நடுக்கடலில் இவருடைய நெஞ்சு. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். முதல் ஓட்டத்துக்கு அவரும் கூடப் போவார். கடல் உள்ளே வந்தால் படகு விற்கப்படும். சம்பந்தி கை கொடுத்து ஒத்துக்கொண்டார். இவர்கள் கை கொடுத்தால் அது எழுத்து மாதிரி.

அந்த முதல் ஓட்டத்துக்கு நானும் வரவேண்டும் என்று சம்பந்தி ஒற்றைக்காலில் நின்றார். அதற்குக் காரணம் என் வாய்தான். என்னைப் பெற்ற அப்பு பாய்க்கப்பலின் தண்டையல், கப்பலை நடத்துகிற தலைவன், பர்மா வரை ஓடியவர் என்று போகிற இடமெல்லாம் பெருமை பேசியிருந்தேன். பெண்கள் ஏறினால் கப்பலுக்கு ஆகாது என்று அப்பு எங்களை ஒருநாளும் கால் வைக்க விடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியும் நான் பாய்மரத்துக்குக் கீழே நின்றதில்லை.

மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. ஓட்டத்துக்கு முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அங்கை போய்த் தேங்காய் கீங்காய் உடைச்சு என்ரை மானத்தை வாங்கிப் போடாதேங்கோ. புதுசாப் பெயின்ற் அடிச்ச படகு. சரியோ?"

"ஓம், ஓம்."

"நீங்கள் ரெண்டு தரம் ஓம் எண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு."

தேங்காய் உடைக்காமல் ஒரு படகு கடலுக்குப் போவதா? அதுவும் நெஞ்சு கிழித்துத் தைத்த மனுசனோடு? விடிய எழும்பி ஐந்து தேங்காயை வீட்டிலேயே உடைத்தேன். தேங்காயை மிளகாயோடு இடித்துச் சம்பலாக்கிப் பாண் ரொட்டியோடு பத்திரிகைத் தாளில் சுற்றினேன். தண்ணீரை ஒன்றரை லீற்றர் போத்தலில் விட்டேன். போத்தல் நிறையவில்லை, பெரிய படகாயிற்றே என்று குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். ஹம்பேர்க்கிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம், பால்டிக் கடற்கரை. எல்லோரும் கயிறும் பெட்டியுமாக நின்ற நேரம் நான் முதல் ஆளாக அறைக்குள் இறங்கி, பிள்ளையாரை நினைத்து, மூலைக்கு மூலை தெளித்தேன். ஒரு மிடறு அளவு வைத்துக்கொண்டு மிச்சம் அவ்வளவையும் நடுவில் ஊற்றிவிட்டேன். பலகை இடுக்கால் அது சொட்டில்லாமல் மறைந்தது. கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திருப்தியாக மேலே வந்தேன். பலகைக்கு அடியில் ஒரு குழி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? அப்பு என்னை ஏற விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மகளும் மருமகனும் கரையில் நின்றார்கள். நாங்கள் மூன்று கிழங்கள் போனோம். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேலே செம்மஞ்சள் மிதவைச் சட்டை. சம்பந்தியம்மா என் வார்களை இழுத்துக் கட்டிவிட்டு, தன்னுடையதையும் மூன்று தரம் தடவிப் பார்த்தார். துறைமுகத்தைத் தாண்டியதும் சம்பந்தி மோட்டரை நிறுத்திப் பாயை ஏற்றினார். படபடவென்று அடித்த துணி திடீரென்று காற்றைப் பிடித்து வயிறு வைத்தது. சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, பட்டுத் துணி கிழிக்கிற மாதிரிக் கடலைக் கிழித்துக்கொண்டு போனது. சுக்கானைப் பிடித்திருந்த மனுசனைப் பார்த்தேன். சன்னலோரத்தில் இருந்தவர் இல்லை அவர். ஏதோ பாட்டு முணுமுணுத்தார். சம்பந்தியம்மாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பார்ப்பது தெரியாமல்.

அரை மணித்தியாலம் இருக்கும். கோப்பி எடுக்க இறங்கிய சம்பந்தியம்மா உள்ளிருந்து ஒரே ஒரு சொல் சொன்னார்: "வாஸர்." தண்ணீர். படகு சாய்ந்ததில் குழியில் கிடந்தது ஓரத்தால் ஏறி, பலகையை நனைத்திருந்தது. சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சம்பந்தி குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். படகுக்காரர் அப்படித்தான் பார்ப்பார்கள். உப்பென்றால் கடல், இல்லையென்றால் மழை. ஆனால் அந்தக் கடலோ உப்புப் போட மறந்த ரசம் மாதிரி. குழிக்குள் கிடந்த பழைய எண்ணெயும் கலந்திருந்தது. இரண்டாம் தரமும் நக்கிப் பார்த்தார். மழை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் சொல்லவில்லை. கடல்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாயை இறக்கி, மோட்டரைப் போட்டுப் படகைத் திருப்பினார். விற்கிறேன் என்றார். அந்தச் சொல் எனக்கு விளங்கும்.

அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மகளின் மானம், கப்பல்காரன் மகள் என்ற என் பெருமை, இந்த வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம், எல்லாம் சேர்ந்து என்னை விடவில்லை. சம்பந்தி முன்னே பார்த்தபடி இருந்தார். பாட்டு இல்லை. முகம் பழையபடி சன்னலோரத்து முகம். கரையில் மகளின் வயிறு தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். ஏழு பேரை வளர்த்தவளுக்கு ஒரு உண்மை சொல்ல ஏலாதா என்று என்மேல் எனக்கே கோபம் வந்தது. எழும்பி, சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பையிலிருந்த போத்தலை எடுத்தேன்.

"இது நான். கடல் இல்லை. தேங்காய். கடவுளுக்கு," என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

போத்தலில் மிஞ்சியதைக் கோப்பையில் விட்டுக் கொடுத்தேன். குடித்துப் பார்த்தார். குனிந்து குழியை மோந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

போத்தலின் உயரத்தைக் காட்டினேன்.

"எல்லாமா, அம்மா?"

"எல்லாம்."

துடைக்கிற பஞ்சு இரண்டு எடுத்தார், ஒன்று எனக்கு. இரண்டு பேரும் முழங்காலில் நின்று அந்தக் குழியை ஈரமே இல்லாமல் துடைத்தோம். நான் துடைத்த இடத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நான் சாப்பாடு சுற்றிக் கொண்டுவந்த பத்திரிகையில் ஒரு காய்ந்த தாளை எடுத்துக் குழியில் விரித்து, பலகையை மூடி, மேலே எட்டிக் கணவனைப் பார்த்துச் சொன்னார்: திரும்பவும் போங்கள். தாள் காய்ந்திருந்தால் படகு உங்களோடு நிற்கும். நனைந்திருந்தால் விலைக்குப் போகும்.

சம்பந்திக்கு விஷயம் விளங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. பாய் மறுபடி ஏறியது. இரண்டு மணித்தியாலம் ஓடினோம். அவர் கடலைப் பார்த்தார். நான் என் காலுக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தேன். சம்பலைச் சம்பந்தியம்மா கண்ணீர் வடிய இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். நல்லது என்று சொல்லவில்லை.

துறைமுகத்தில் சம்பந்தி கயிறு கட்டப் போனதும் நாங்கள் இருவரும் பலகையைத் தூக்கினோம். தாளின் ஒரு மூலை, உள்ளங்கை அளவு, கறுத்து ஊறியிருந்தது. பழைய படகு; அதற்கும் எங்கேயோ ஒரு இடத்தால் கசிந்தது. சம்பந்தியம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி நாக்கால் தொட்டும் பார்த்தார். சன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே கணவர் என் மருமகனுக்குக் கையை விரித்து ஆட்டிப் பாய் எப்படி நிறைந்தது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஈர மூலை உள்ளே போகிற மாதிரித் தாளை நான்காய், எட்டாய் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்தார். பிறகு வெளியே தலையை நீட்டி, "ட்ரொக்கன்!" என்று கத்தினார். காய்ந்திருக்கிறது.

அதன் பிறகு ஒன்பது கோடைகாலம் அந்தப் படகு ஓடியது. ஒவ்வொரு தரமும் சம்பந்தியம்மா ஒரு பஞ்சோடு முதல் ஆளாக அறைக்குள் இறங்கி, கடைசி ஆளாக மேலே ஏறுவார். போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ட்ரொக்கன்," என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். பக்கத்தில் நின்ற சம்பந்தி, வாய் காய்கிறதாக்கும் என்று தண்ணீர் எடுக்க ஓடினார். ஒரு சொட்டுக் கடல் உள்ளே வராத படகு தன்னுடையது என்று அவர் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறார்.

எழுதி முடிந்தது. அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்தவள் இப்போது பல்கலைக்கழகம் போகிறாள், அவளைத்தான் கூப்பிடுகிறேன். சம்பந்தியம்மா அவளுக்கு ஓமா, சம்பந்தி ஓப்பா.

"பிள்ளை, இஞ்சை வா. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. உன்ரை ஓமா சரியா வந்திருக்கிறாவோ எண்டு பாப்பம். அந்தத் தாள் மடிக்கிற இடம் வந்தால் மட்டும் மெள்ளமா வாசி. ஓப்பா குசினிக்கை கோப்பி போட்டுக்கொண்டு நிக்கிறார், மனுசனுக்கு இப்ப தமிழ் கொஞ்சம் விளங்குது."