நனைந்த ஆடும் கவிதைச் சுவரும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். ஏழாம் வகுப்பின் பின்சுவரைக் கவிதைச் சுவர் ஆக்கலாம் என்று போன வருடம் தொடங்கியபோதும் அதட்டலோடுதான் தொடங்கினேன். "வீட்டுல என்ன பேசுறீங்களோ அதுலயே எழுதணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் ஒட்டியாகணும்."

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ். மற்றவர்கள் வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு. கோழிப்பண்ணை வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இந்தி. சப்பாத்தியைப் பற்றி எழுதி முதலில் ஒட்டியவன் அவன்தான்.

என் வீட்டில் என்ன மொழி என்று யாரும் கேட்கவில்லை. கன்னடம். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், "கன்னடத்துப் பொண்ணு நமக்குத் தமிழ் சொல்லித்தர வந்துட்டா" என்று ஒருத்தி சொல்ல, அறையே சிரித்தது. அன்றோடு வெளியில் அந்த மொழிக்குப் பூட்டுப் போட்டேன். பள்ளியில் அம்மாவின் போன் வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த்தான் பேசுவேன். நான் எடுத்ததும் அம்மா, "பக்கதல்லி யாரூ இல்வா?" என்பார். பக்கத்தில் யாரும் இல்லையா என்று அர்த்தம். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. ஒரு பெண் மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், ஆடு வளர்க்கும் குடும்பம். "வீட்ல பேசுறத எழுத என்ன கேடு?" என்று சத்தம் போட்டேன்.

"எங்க பேச்சுக்கு எழுத்துத் தெரியாதுங்க டீச்சர். எங்க வூட்டுல யாருக்குமே தெரியாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கன்னட எழுத்து எனக்கும் தெரியாது. தமிழ் எழுத்திலேயே எழுது என்றேன். திங்கட்கிழமை ஒரு கோடு போட்ட தாளை நீட்டினாள்.

*வான ஒச்சே,*
*மேக தடிசே,*
*அம்ம நன்னே திட்டே.*

மழை வந்தது, ஆடு நனைந்தது, அம்மா என்னைத்தான் திட்டினாள். வாய்விட்டுச் சிரித்தேன். சுவரில் இருந்த எல்லாவற்றையும்விட அது எனக்குப் பிடித்தது. "எங்கம்மா நாளைக்கு மீட்டிங்குக்கு வருதுங்க டீச்சர். சொவத்துல என் பாட்ட பாக்கறேன்னு சொல்லியிருக்குதுங்க" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் முந்திரிக்கொட்டைத்தனம் விடவில்லை. ஆந்திரப் பக்கத்தில் வேலை பார்க்கும் தோழி ஒருத்திக்கு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். "இது கொச்சைத் தெலுங்கு" என்று திருத்தி, தெலுங்கு எழுத்தில் அழகாக அடித்து அனுப்பினாள். அதைக் கலரில் பிரிண்ட் போட்டு, கீழே அந்தப் பெண்ணின் பெயரை எழுதி ஒட்டினேன். அவள் எழுதிய தாள் என் மேசை டிராயருக்குள் போனது. பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் அவளுடைய அம்மா வகுப்புக்கு வந்தார். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரலை வைத்துத் தேடினார். மகள் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்தது, மேலே இருந்த எழுத்தைப் பார்த்ததும் வாடியது.

"இது எம்பொண்ணு எழுதுனதுங்களா? எனக்குப் படிக்க வரலீங்களே."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்கும் வரலம்மா" என்றாள்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பயிற்சிக் காலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அவர்கள் செய்ததைத்தான் நானும் கலர் பிரிண்ட் போட்டுச் செய்திருக்கிறேன். அதைக் கிழித்தெடுத்துவிட்டு, டிராயரிலிருந்து தாளை எடுத்து அந்த அம்மாவிடமே கொடுத்தேன். "வா... ன... ஒச்சே" என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசி வரியில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "அன்னிக்கி நெசமாவே திட்டுனனுங்க!" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். அவர் கையாலேயே ஒட்டச் சொன்னேன்.

அவர் போன பிறகு அந்தப் பெண் நகரவில்லை. "டீச்சர், உங்க வூட்டுது ஒட்டலீங்களா?"

"எங்க வீட்டுதா?"

"தொட்டிக்குப் பின்னால போன்ல பேசுவீங்களே, அதுங்க."

வகுப்பு முழுவதும் என்னையே பார்த்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னும்போது அம்மா ஏதோ பாடுவார். இரண்டாவது வரி மறந்துபோயிருந்தது. போனை எடுத்து, அங்கேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பக்கதல்லி யாரூ இல்வா?" என்றார் அம்மா, வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி.

எனக்காகத்தான் இத்தனை வருடமும் அதைக் கேட்டிருக்கிறார். எல்லோரும் இருக்கிறார்கள் அம்மா என்று கன்னடத்திலேயே, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னேன்.