பன்னிரண்டு மில்லிமீட்டர்

முப்பத்தொரு சீசன் நான் சைக்கிள் பந்தய அணிகளில் மெக்கானிக்காக இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பதிமூன்று வயதில் விட்டவன். ரூசெலாரே ஊரில் ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டில் பஞ்சர் ஒட்டத் தொடங்கி, கடைசியில் இத்தாலிக்காரன்கூட ஃபிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "சிரீல், இதைக் கொஞ்சம் பாரேன்" என்று என் வாசலில் நிற்கும்படி ஆனவன். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. நான் இறுக்கிய திருகு ஒன்றுகூட ஓட்டத்தில் தளர்ந்ததில்லை. எங்கள் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இது நார்பெர்ட் வாஸ்தைனின் கதை. ஆறு சீசனில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காதவனைப் பற்றி வேறு எவனும் எழுதப் போவதில்லை.

லெய் ஆற்றங்கரையில் ஆளிச்செடி நார் உரிக்கும் குடும்பம் அவனுடையது. இருபத்து மூன்று வயதில் எங்கள் அணிக்கு வந்தான். ஒரு மெத்தைக் கம்பெனி நடத்திய அணி அது. மேலாளர் அகீல் அவனை நேராக என் பட்டறைக்குக் கூட்டிவந்தார். எவ்வளவு வேகமாக ஓட்டுவான் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"சிரீல், இவன் காலை அள."

அளந்தேன்.

"மார்னிக்ஸுக்கு எவ்வளவு குறைச்சல்?"

"சீட்டு உயரத்துல பன்னண்டு மில்லிமீட்டர்."

"அவ்வளவுதானா? இவனையே எடுத்துக்குவோம்."

மார்னிக்ஸ் எங்கள் நாயகன். அவன் ஜெயிப்பதற்காகத்தான் மற்ற ஏழு பேரும் ஓட்டினார்கள். அவன் சைக்கிள் நடுவழியில் உடைந்தால், நான் உட்கார்ந்திருக்கும் வண்டி நூறு பேருக்குப் பின்னால் எங்கேயோ வரும். அதுவரை அவன் காத்திருக்க முடியாது. அவன் உயரத்துக்கு வைத்த சைக்கிளோடு ஒருத்தன் பக்கத்திலேயே வர வேண்டும். உடைந்த நொடியில் இறங்கிக் கொடுக்க வேண்டும். நார்பெர்டை எடுத்தது அதற்குத்தான். அவனுடைய சீட்டை மார்னிக்ஸின் உயரத்துக்கு ஏற்றி, தண்டைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டினேன். அதற்குக் கீழே சீட்டு இறங்கக் கூடாது. ஓட்டுகிறவன் எவனும் ஸ்பேனரைத் தொடவும் கூடாது. இரண்டும் அகீல் போட்ட சட்டம்.

பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் சுண்டுவிரல் அகலம். ஒரு நாளைக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பிப்ரவரியில் தென்கடற்கரையில் தொடங்கினால் ஏப்ரலில் கல் பாவிய தெருக்கள், ஜூலையில் மலை, அக்டோபர் வரை மழை. வருடத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர். ஒவ்வொரு மிதிக்கும் கால் எட்டாத இடத்துக்கு எட்டிக்கொண்டே இருந்தது.

ஐந்து சீசனில் பதினான்கு முறை சைக்கிளைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, மார்னிக்ஸின் உடைந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வரும்வரை ரோட்டோரம் நிற்பான். பீர் டம்ளரோடு நிற்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"டேய் நார்பெர்ட், சைக்கிள வித்துட்டியா?"

"வாடகைக்கு விட்டிருக்கேன் மாமா. சாயங்காலம் வந்துரும்."

ஆறாவது சீசனில் வலது முழங்காலின் பின்பக்கம் வீங்கியது. ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கினான். அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். அகீல் அவனிடம் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏப்ரல் பெரிய பந்தயத்துல கடைசி ஏத்தம் வரைக்கும் மார்னிக்ஸ்கூட இருந்தா உனக்கு இன்னும் ரெண்டு வருஷம். இல்லன்னா உங்கப்பனோட போய் ஆளி புடுங்கு."

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை விடுதிக் கொட்டகையில் சங்கிலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நொண்டிக்கொண்டே வந்தான்.

"சிரீல் அண்ணே, இந்த உயரத்துல இருநூறு கிலோமீட்டர் தாண்டாது. கால் பூட்டிக்குது."

"டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

"டாக்டரா சீட்டை வச்சாரு? நாளைக்கு ஒரு நாள் என் உயரத்துல வச்சுக் குடுங்கண்ணே. கடைசி ஏத்தத்துல நான் இருந்தாத்தான் எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கு."

"அகீலுக்குத் தெரிஞ்சா?"

"பின்னாடி வண்டில நீங்கதான இருக்கீங்க. உங்க கை வேகம் ஊருக்கே தெரியுமே."

அந்த வார்த்தையில் விழுந்தேன். எந்தச் சீட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அகீல் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றியது. மார்னிக்ஸுக்கு எது உடைந்தாலும் நாற்பது நொடியில் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றும் தோன்றியது. சீட்டை இறக்கினேன். யாருக்கும் தெரியாதபடி நாடாவையும் உரித்துப் புது உயரத்துக்கு மாற்றி ஒட்டினேன். நார்பெர்ட் ஏறி உட்கார்ந்து பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?"

"தரை பக்கத்துல இருக்குண்ணே."

மறுநாள் ஓட்டியதுபோல அவன் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. மழை, சேறு, ஈரக் கல். மார்னிக்ஸுக்கு உதவிக்கு இருந்த மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். இருநூற்று முப்பதாவது கிலோமீட்டரில், முன்னால் போன பன்னிரண்டு பேரில் எங்கள் சட்டை இரண்டுதான். ஒன்று மார்னிக்ஸ், இன்னொன்று நார்பெர்ட். வண்டியில் அகீலே ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினார்: "பாத்தியா சிரீல், அந்த ஆளிக்காரனை!"

கடைசி ஏற்றத்தின் அடியில் மார்னிக்ஸின் பின் கியர் உடைந்து சக்கரத்துக்குள் போனது. எங்களுக்கு முன்னால் குறுகலான கல்பாதையில் இரண்டு பேர் விழுந்துகிடந்தார்கள். வண்டி ஓர் அடி நகரவில்லை. நான் மாற்றுச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினேன். ஐம்பது வயதில் ஓடினேன். மேலே போனபோது ரோட்டோரத்தில் உடைந்த சைக்கிளோடு நார்பெர்ட் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"குடுத்துட்டேன் அண்ணே" என்றான். "உடனே குடுன்னு கத்தினான். என்ன பண்றது?"

மார்னிக்ஸ் சுண்டுவிரல் அகலம் தாழ்ந்த சீட்டில் பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டினான். தொடை பிடித்துக்கொண்டு நான்காவதாக வந்தான். நார்பெர்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, முடிவுக் கோட்டுக்கு அப்பால் சைக்கிளைத் தரையில் வீசினான்.

"இது என் சீட்டு இல்ல! எந்த நாய் இறக்கினது?"

அகீல் அளவுநாடாவை என்னிடமிருந்து வாங்கி அவரே அளந்தார். என்னைப் பார்த்தார். சீட்டை இறக்கிய ஆலன் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. "நான்தான்" என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் குனிந்து, கிடந்த சைக்கிளை நிமிர்த்தினேன். சொன்னால் முப்பது வருடம் சேர்த்த பேர் போய்விடும்.

"நான்தான் சார்" என்றான் நார்பெர்ட். "காலைல சாவிய எடுத்து நானே இறக்கினேன்."

அன்று மாலை அணிப் பேருந்துக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன். "ஏன்டா சொன்ன?"

"உங்கள அனுப்பிட்டா திரும்ப எடுக்க மாட்டாங்கண்ணே. நான் கடைசி ஏத்தம் வரைக்கும் இருந்தேனே, அவர் கண்ணாலயே பாத்தாரு. கோபம் ஆறினதும் நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க, போதும்."

சொல்கிறேன் என்றேன். ஜூலை மலைப் பந்தயத்துக்கு அவனை அகீல் எடுக்கவில்லை. அதில் ஒரு நாள் ஓட்டத்தை மார்னிக்ஸ் ஜெயித்தான்; அன்று அகீல் நல்ல மனநிலையில் இருந்தார், சொல்லியிருக்கலாம். ஆகஸ்டில் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் இன்னொன்றும் இருந்தது: சீட்டை இறக்காமல் இருந்திருந்தால் நார்பெர்ட் அந்த ஏற்றத்துக்கு வந்தே இருக்கமாட்டான், மார்னிக்ஸுக்கு அந்தச் சைக்கிள்கூடக் கிடைத்திருக்காது. நான்காவது இடம் நார்பெர்ட் கொடுத்தது. அதை அகீலுக்கு விளக்க என் ஒருவனால்தான் முடியும். வாயைத் திறந்தால் என் பெயரும் கூடவே வரும்.

எங்கள் தொழிலில் எவனுக்கு இடம் உண்டு, எவனுக்கு இல்லை என்பது முதலில் மெக்கானிக்குக்குத்தான் தெரியும். அடுத்த வருடத்துக்கு யார் யாருக்கு ஃபிரேம் அளவெடுக்க வேண்டும் என்று செப்டம்பரில் பட்டியல் வரும். அது வந்த மறுநாளே நார்பெர்ட் பட்டறை வாசலில் நின்றான்.

"எனக்கு அளவெடுக்கணுமாண்ணே?"

நான் ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"சொன்னீங்களா அவர்கிட்ட?"

சக்கரம் நிற்கும்வரை நின்றான். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான். சீட்டு சிவப்பு நாடாவில் இருந்தது, மார்னிக்ஸின் உயரத்தில்.

விதிமீறி அளவை மாற்றியவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் எல்லா அணிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உறைய வைத்த காய்கறித் தொழிற்சாலையில் சேர்ந்தான். இருபத்தாறு வருடம் குளிரறையில் கீரைப் பெட்டி அடுக்கினான், அந்த முழங்காலோடு. ஊர் மதுக்கடையில் அவனுக்குப் பெயரே 'பன்னண்டு'. "டேய் பன்னண்டு, ஸ்டூலு உசரம் சரியா இருக்கா?"

நான் ஓய்வு பெற்றபோது ஊர் மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். இருநூறு பேர் வந்தார்கள். நானும் மேடையேறிப் பேசினேன், கைதட்டல் ஓயவில்லை. அகீல் எழுந்து சொன்னார்: "சிரீல் கை ஒரே ஒரு நாள்தான் ஏமாந்துச்சு. அதுவும் அவன் கை இல்ல, நம்ம பன்னண்டு கை!" மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நார்பெர்டும் சிரித்தான். என் கையில் பீர் இருந்தது. குடித்தேன்.

கோட் மாட்டுகிற இடத்தில் அவன் சொன்னான்: "நல்லாப் பேசினாங்கண்ணே உங்களப் பத்தி."

போன குளிர்காலத்தில் இதையெல்லாம் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தான். என் எழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது. படித்து முடித்து, மடித்து, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினான்.

"அகீல் செத்து நாலு வருஷம் ஆச்சு. இத இப்ப யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

"ஊர்ல எல்லாரும் படிக்கட்டும்."

"படிச்சா?" என்றான். "உங்களப் பெரிய மனுசன்னு சொல்லுவாங்க. ஒத்துக்கிட்டாரு பாருன்னு."

எழுந்து சமையலறைக்குப் போனான். நடுவில் ஒரே ஒரு படி. இடது காலை வைத்து, சுவரைப் பிடித்து, வலது காலை இழுத்து ஏற்றினான். நான் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது, "கதவை இழுத்துச் சாத்திட்டுப் போங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "குளிர் வருது."

அண்ணே என்று சொல்லவில்லை.