கதவில் இரண்டு தட்டு

"பாப்பா, தண்ணியா, கெட்டியா?"

காலை ஆறரை மணிக்குக் கையில் அகப்பையோடு கழிவறை வாசலில் நின்று இருதயம் கேட்கிறார். உள்ளிருந்து "கெட்டி, அங்கிள்!" என்று பதில் வந்தால் உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவார். கிள்ளான் துறைமுகத்தில் இருபது வருடம் லோரி ஓட்டியவர். சரக்கை ஏற்றிக் கயிற்றை இறுக்கியதும் லோரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு விழும். எல்லாம் சரி, கிளம்பலாம் என்று பொருள். இப்போது சோறு பதமாக வெந்தால் பானை மூடிக்கும் அதே மரியாதை.

எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த ஒன்பது பிள்ளைகள் வளரும் இல்லத்தில் அவர்தான் சமையல். இந்தப் பிள்ளைகளின் வயிறு சட்டென்று கெட்டுவிடும். வயிறு நிற்காவிட்டால் உடம்பில் மருந்தும் நிற்காது, சதையும் நிற்காது. அதனால் பழத்தைக்கூடக் காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் கழுவுவார். பாசாரில் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பார். "அண்ணே, மீனு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று மீன்காரர் சிரிப்பார். இவர் அசையமாட்டார்.

போன மாதம் ஆறு வயது விஷ்ணுப்ரியாவுக்கு மூன்று வாரம் ஓயாத பேதி. "தண்ணி, அங்கிள்" என்ற குரலும் மெலிந்துகொண்டே வந்தது. அவள் உள்ளே இருக்கும்போது கதவு தட்டப்படவே இல்லை. முதல் வாரமே பாலை நிறுத்தச் சொல்லியிருந்த டாக்டர், அடுத்த வியாழக்கிழமையும் எடை குறைந்திருந்தால் வார்டில்தான் சேர்க்கவேண்டும் என்றார். அவளோ இருதயத்தின் கைலியைப் பிடித்துக்கொண்டு, "நான் போமாட்டேன்" என்றாள்.

மறுநாளே தாதி ஜோஆன் அடுப்படிக்கு வந்தார்.

"அண்ணே, பால நிறுத்தலயா?"

"எப்பவோ நிறுத்தியாச்சி லா, மிஸ்ஸி."

"மருந்துக்கு அப்புறம் என்ன குடிக்கிறா?"

"தேத்தண்ணிதான். வாய்க்கசப்பு போகணும்ல?"

"அதுல என்ன போடுறீங்க?"

இருதயம் டின்னை எடுத்துக் காட்டினார். இனிப்பான டின் பால்.

"இது பால் இல்லாம என்னண்ணே?"

"சீனிக்குப் பதிலா போடுறதுதானே லா, மிஸ்ஸி…" என்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளில் தேநீரின் இனிப்பாகவே பார்த்த பொருள் அது. கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப, நான்தானா?"

"இப்பவாச்சும் தெரிஞ்சிச்சே. நிறுத்திப் பாப்போம், அண்ணே."

அன்றிலிருந்து மருந்துக்குப் பிறகு பார்லித் தண்ணீர். அந்த டின் அடுப்படியிலேயே இல்லை. அவருக்கும் வெறும் தேநீர்தான்.

வியாழக்கிழமை காலை அவர் கழிவறை வாசலில் வழக்கம்போல் நின்றார். ஆனால் வாய் திறக்கவில்லை. அகப்பை கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

"அங்கிள், இருக்கீங்களா?"

"இருக்கேன், பாப்பா."

"ஏன் கேக்கல? கெட்டி! வாழப்பழம் மாதிரி!"

இருதயம் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். பிறகு கதவில் இரண்டு தட்டு தட்டினார். தாழ்ப்பாள் குதித்தது.